உதட்டின் இடது பக்கம்

என் கணவருடைய மச்சாள் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கியபோது நான் முதலில் பார்த்தது அவளுடைய கீழுதட்டின் இடது ஓரத்தில் இருந்த கொப்புளத்தைத்தான். நீர்கோத்த சின்னச் சின்ன மணிகளாக நாலைந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, சுற்றிவரச் சிவந்து கிடந்தது. பார்த்ததும் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. வடிவானவள், வடிவானவள் என்று மாமியார் வீட்டார் சொல்லிச் சொல்லி என் காது புளித்துப்போயிருந்தது. அவள் முகத்திலும் ஒரு குறை இருக்கட்டும் என்று நினைத்தபடி தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனேன்.

அவள் என் கணவரின் தாய்மாமன் மகள். முறை மச்சாள். சின்ன வயதிலிருந்தே இவருக்கு அவள்தான் என்று இரண்டு வீட்டிலும் பேச்சிருந்தது. சாதகம் பொருந்தவில்லை. பொருந்தியிருந்தால் வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருந்த அனெக்ஸ் வீட்டின் திறப்பு என் கையில் இருந்திருக்காது. நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள். யாழ்ப்பாணத்தை லீவுக்குப் போய்ப் பார்த்தவள். கிரகங்கள் ஒத்துக்கொண்டபடியால் உள்ளே வந்தவள் என்ற எண்ணம் எனக்கு எப்போதும் இருந்தது. அதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாததுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

சண்டைக் காலம். யாழ்ப்பாணத்திலிருந்து தரைப்பாதை இல்லை. பாஸ் எடுத்து, கப்பலில் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து கொழும்புக்கு வரவேண்டும். அவள் அப்படித்தான் வந்தாள். கனடாவில் ஒரு மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். விசா வரும்வரை எங்களோடு இருப்பாள் என்று மாமா சொல்லியனுப்பியிருந்தார். எங்களுக்கு இருந்தது ஒரு அறை, ஒரு ஹோல், ஒரு குசினி. ஹோலில் அவளுக்குப் பாய் விரித்தோம். கலியாணம் முடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை எனக்கு.

அவள் இவரை ‘மச்சான்’ என்று கூப்பிடுவாள். அந்தச் சொல்லுக்குள்ளே எவ்வளவு உரிமை இருக்கிறது என்று அதற்குமுன் நான் யோசித்ததேயில்லை. எனக்கு இருந்ததெல்லாம் ‘இஞ்சேருங்கோ’ மட்டும்தான். இஞ்சேருங்கோ என்று தபால்காரனையும் கூப்பிடலாம். இரவுச் சாப்பாட்டின்போது அவர்கள் இரண்டு பேரும் யாரோ ஒரு வாத்தியாரையும், யாரோ ஒருவர் வீட்டு மாட்டையும் பற்றிக் கதைத்துச் சிரிப்பார்கள். நான் மாட்டைக் கண்டதில்லை. சிரித்து வைப்பேன்.

வந்த கிழமையே மாப்பிள்ளை வீட்டார் புதுப் படம் ஒன்று கேட்டிருந்தார்கள். ஸ்டூடியோவில் எடுத்து உடனே அனுப்பவேண்டும். இந்த உதட்டோடு எப்படிப் படம் எடுப்பது என்று அவள் கண்ணாடிக்கு முன்னால் நின்று அழுதாள். வைத்தியம் சொல்ல ஆளா இல்லை? மேல்வீட்டு அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “பிள்ளை நித்திரையில இருக்கேக்க பல்லி மூத்திரம் பெய்திருக்கு” என்றார். கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த என் அம்மா, “இது உள்காய்ச்சல். சூட்டுச் சாமான் ஒண்டும் குடுக்காதே” என்று சொல்லி, நண்டு, இறால், அன்னாசி எல்லாவற்றையும் தடை செய்தார். இவர் வேலை முடிந்து வரும்போது ஒவ்வொரு நாளும் தம்பிலி இளநீர் வாங்கி வந்தார். எனக்கு ஒருநாளும் தம்பிலி வாங்கி வந்ததில்லை. அவள் தன் பங்குக்குப் பற்பசையைப் பூசி, அது எரிந்து, மணிகள் உடைந்து, முன்னிலும் மோசமாக்கிக்கொண்டாள்.

“நீர் ஒருக்கா இவளை டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போமன்” என்றார் இவர். கூட்டிக்கொண்டு போனேன்.

காலி வீதியில் ஒரு முஸ்லிம் லேடி டொக்டரின் டிஸ்பென்சரி இருந்தது. அவர் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே பேசினார்.

“இது பல்லியுமில்ல, சூடுமில்ல மகள். வைரஸ். ஒருக்கா ஒடம்புக்குள்ள போனா பொறகு போறல்ல. நரம்புக்குள்ள போய்ப் படுத்து ஈக்கும். வெயில் பட்டா, காய்ச்சல் வந்தா, யோசனை கூடினா எழும்பி வரும். அனேகமா அதே எடத்துக்குத்தான் வரும்.”

கப்பல் தட்டில் வெயிலுக்குள் இருந்து வந்ததை அவள் சொன்னாள். சின்ன வயதிலிருந்தே இடைக்கிடை வருவது என்றும் சொன்னாள்.

“அதுதான். வாற நேரம் மொதல்ல ஒதடு விறுவிறுக்கும், கடிக்கும். அந்த நேரமே கிரீம் பூசினா கொஞ்சம் கொறையும். இப்ப உடஞ்சிட்டு. அது தன்ட பாட்டில ஆறும். பொருக்கை உரிக்கப்படாது. வெடிக்காம வாசலின் வெக்கலாம். அதத் தொட்ட கையால கண்ணத் தொட வேணாம்.”

“எப்படி டொக்டர் இது தொத்துறது?” என்று கேட்டேன். சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன்.

“சின்னப் புள்ளயள ஆராச்சும் கொஞ்சுற நேரம் வாற. ஒரே கோப்பையில குடிச்சாலும் வரலாம். பெரிய ஆக்களுக்கு…” என்று சொல்லி என் கழுத்துத் தாலிக்கொடியைப் பார்த்துச் சிரித்தார். “உங்களுக்கு நான் சொல்லத் தேவயில்லயே.”

எங்கள் ஊரில் கொஞ்சுவது என்றால் முத்தம் கொடுப்பது. அவள் வெட்கப்பட்டுக் குனிந்தாள். அந்த வெட்கத்தை நான் அப்போது பெரிதாக எடுக்கவில்லை.

அடுத்த சில நாட்கள் இவர் லீவு எடுத்துக்கொண்டு அவளோடு அலைந்தார். பொலிஸில் பதிய வேண்டும், விசா அலுவலுக்கு வரிசையில் நிற்க வேண்டும், தனியாக அனுப்பினால் சோதனைச் சாவடியில் மறித்துக் கேள்வி கேட்பார்கள். எல்லாம் நியாயமான காரணங்கள்தான். நான் கொட்டாஞ்சேனையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். எனக்கு லீவு கிடைக்காது. ஒருநாள் காலை இவர் முகம் வழித்துவிட்டு வெளியே வந்தார். கீழுதட்டில் கொப்புளம். இடது ஓரத்தில்.

“என்ன இது?”

“சூடாக்கும். எனக்கு இது இடைக்கிடை வாறதுதான்.”

“நான் வந்த நாளில இருந்து ஒருக்காலும் வரேல்லையே.”

“வராட்டி நான் என்ன செய்யிறது? வரச் சொல்லிக் கூப்பிடுறதோ?”

ஹோலிலிருந்து அவள் எட்டிப் பார்த்தாள். கையைக் கொட்டிச் சிரித்தாள். “மச்சானுக்கும் வந்திட்டுதோ! எங்கட குடும்பச் சொத்து இது, அக்கா. உங்களுக்கு எழுதித் தரமாட்டம்.”

இவரும் சிரித்தார். எனக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. அன்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பின்னங்கள் படிப்பித்துக்கொண்டே மனதில் வேறொரு கணக்கைப் போட்டேன். அவளுக்கு இடது பக்கம். இவருக்கும் இடது பக்கம். இரண்டு பேர் நேருக்கு நேர் நின்றால் ஒருவரின் இடது மற்றவரின் வலதுக்குத்தான் வரும். வீட்டுக்கு வந்து கண்ணாடிக்கு முன்னால் நின்று சரிபார்த்தேன். கொஞ்ச நேரம் மனம் குளிர்ந்தது. பிறகு, தலையைச் சரித்தால்? சரித்தும் பார்த்தேன். சரித்தால் வரும் போலவும் இருந்தது, வராது போலவும் இருந்தது. என்னைப்போல ஒரு கணக்கு ரீச்சர் கண்ணாடியோடு இப்படி மல்லுக்கட்டியதை என் மாணவிகள் கண்டிருந்தால் அந்த வருடம் ஒருத்தியும் பாஸ் பண்ணியிருக்க மாட்டாள்.

தாங்க முடியாமல் மறுநாள் தனியாக அதே டொக்டரிடம் போனேன். சுற்றி வளைத்துக் கேட்டேன். ஒருவருக்குக் கொப்புளம் இருக்கிறது. சில நாளில் அதே வீட்டில் இன்னொருவருக்கும் வருகிறது. அப்படியென்றால் முதலாவது ஆளிடமிருந்துதானே?

அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். விளங்கிக்கொண்டார் என்று நினைக்கிறேன். “அப்பிடிச் சொல்ல ஏலா. அவருக்கும் வெயில் பட்டீக்கும், அலைஞ்சீப்பார். இன்டைக்கு மேல வாறது எந்தக் காலத்தில உள்ளுக்குப் போனதோ, ஆரு குடுத்ததோ, அல்லாஹ்தான் அறிவான். பாதிப் பேருக்கு மேல உள்ளுக்கு ஈக்கிற சாமான் இது. உங்களுக்கு வாறல்லயா?”

“இல்லை. எங்கட வீட்டில ஒருத்தருக்கும் வந்ததில்லை” என்றேன், பெருமையாக. உண்மையாகவே எங்கள் வீட்டில் எச்சில் என்பது பெரிய விசயம். அம்மா எங்களைக் கோப்பையில் வாய் வைத்துத் தண்ணீர் குடிக்க விட்டதில்லை. அண்ணாந்து குடிக்க வேண்டும். ஆளுக்கொரு கோப்பை, ஆளுக்கொரு துவாய். குழந்தைகளை யார் கொஞ்ச வந்தாலும், கன்னத்தில் வேண்டாம், காலில் கொஞ்சுங்கோ என்பார்.

“அப்ப நீங்கதான் கவனமா ஈக்கணும். அவருக்கு ஆறும் மட்டும் கோப்பை, துவாய் வேறயா வெச்சுக்கோங்க. கொஞ்சுறதும் வேணாம். பெரிய வயசில மொதல் மொதல் வந்தா சிலருக்குக் கடுமையாத்தான் வரும்.”

நான் கேட்கப் போனது ஒன்று, வாங்கிக்கொண்டு வந்தது வேறொன்று. யார் கொடுத்தது என்று அவரால் சொல்ல முடியவில்லை. அவர்கள் இரண்டு பேரிடமும் இருக்கிற ஒன்று என்னிடம் இல்லை என்பதை மட்டும் உறுதிப்படுத்தி அனுப்பினார்.

டொக்டர் சொன்னதை வீட்டில் சொன்னேன். சொன்னது என் பிழை. அவள் அதைத் தலையில் ஏற்றுக்கொண்டாள். என் கோப்பையைக் கொதிநீரில் கழுவித் தனித் தட்டில் கவிழ்த்து வைத்தாள். என் துவாயை வேறு கொடியில் போட்டாள். “அக்காவின்ர கோப்பையைத் தொடாதேங்கோ மச்சான்” என்று அதட்டினாள். எல்லாம் நல்ல மனதோடுதான். ஆனால் என் வீட்டில், என் குசினியில், தள்ளி வைக்கப்பட்டவள் நான்.

ஒரு பின்னேரம் இவர் பாதி குடித்துவிட்டு வைத்த பிளேன்டீயை அவள் எடுத்து, யோசனையே இல்லாமல் வாயில் வைத்துக் குடித்தாள்.

“என்ன செய்யிறீர்?” என்றேன்.

“ஏன் அக்கா? எங்கள் ரெண்டு பேரிட்டயும் இருக்குத்தானே, இனிப் புதுசா என்ன வரப்போகுது? உங்களுக்குத்தான் கூடாது.” மிச்சத்தையும் குடித்தாள். “நாங்கள் சின்னனில எல்லாரும் ஒரே செம்பிலதான் குடிக்கிறது. இல்லையே மச்சான்?”

“ஓம்” என்றார் இவர், பேப்பரிலிருந்து முகத்தை எடுக்காமல்.

அந்த ‘ஓம்’ என்னைக் கொன்றது. அவருக்கு அது ஒன்றுமேயில்லை. சோறு, தண்ணீர் மாதிரி. நான் ஒரு வருடமாகச் சமைத்துப் போட்டு, உடுப்புத் தோய்த்து, அவர் வர ஐந்து நிமிடம் பிந்தினால் எங்கே பிடித்து வைத்திருக்கிறார்களோ என்று வாசலில் நின்று சம்பாதிக்க முடியாத ஒன்றை அவள் ஒரு செம்புத் தண்ணீரில் வாங்கி வைத்திருந்தாள்.

அடுத்த நாள் இவர் வேலையால் வந்து ஹோலில் நின்று சேர்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். பாத்ரூமில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. அவள் குளிக்கிறாள் என்று நினைத்தேன். கிட்டப் போனேன். அவர் பழக்கத்தில் கன்னத்தைத் திருப்பினார். நான் அவருடைய நாடியைப் பிடித்து முகத்தைத் திருப்பினேன்.

“டொக்டர் வேண்டாமெண்டெல்லோ சொன்னவ.”

“என்னட்டத்தான் சொன்னவ. எனக்குத் தெரியும்.”

அந்தப் புண்ணின் மேலேயே கொஞ்சினேன். பொருக்குக் காய்ந்து சொரசொரவென்று இருந்தது, வாசலின் மணத்தது. அவர் விலகப் பார்த்தார். விடவில்லை. விட்ட பிறகு தன் புறங்கையால் என் வாயை அழுத்தித் துடைத்தார்.

“விசரே உமக்கு?”

“ஓம்” என்றேன். அவருடைய ‘ஓம்’ மாதிரியே சொல்லப் பார்த்தேன். எனக்கு அவ்வளவு சாதாரணமாக வரவில்லை.

பிறகு காத்திருந்தேன். காலையில் எழும்பியதும் கண்ணாடி, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கண்ணாடி. ஒன்றுமில்லை. இவருக்கு ஆறிக்கொண்டு வந்தது. அவளுக்கு முற்றாகவே ஆறி, இடம் தெரியாமல் போயிருந்தது. படம் எடுக்க என்னுடைய நீலச் சேலையைக் கேட்டாள். உடுத்திக்கொண்டு வந்து நின்றாள். என் கூறைச் சேலைக்கு அடுத்ததாக நான் ஆசைப்பட்டு வாங்கிய சேலை அது. என்னில் அது ஒருநாளும் அப்படி விழுந்ததில்லை. இவர் ஒருதரம் பார்த்துவிட்டு, “நல்லாயிருக்கு” என்றார். என் அலுமாரிக்குள் இன்னும் என்னென்ன இருக்கிறது, அவளுக்கு என்னைவிட நன்றாகப் பொருந்த, என்று யோசித்துக்கொண்டு ஸ்டூடியோவுக்கு அவர்களோடு நடந்தேன்.

அடுத்த நாள் வகுப்பில் நிற்கும்போதே குளிர் பிடித்தது. பின்னேரம் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது காய்ச்சல் அனலாக அடித்தது. தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் நெறி கட்டிவிட்டது. விடிய எழும்பினால் உதடு, பல்முரசு, நாக்கு, உள்கன்னம் எல்லாம் கொப்புளம். முரசு வீங்கிப் பல்லை மூடிக்கொண்டது. எச்சில் விழுங்கவே கண்ணில் தண்ணீர் வந்தது. அவர்களுக்கு உதட்டோரத்தில் ஒரு சின்ன முத்திரை; எனக்கு வாய் முழுக்க. கேட்டு வாங்கினால் இப்படித்தான் அள்ளித் தருவார்கள் போலும்.

டொக்டர் பார்த்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டார். “நான் சொன்னேனே மகள்!” மாத்திரையும் கிரீமும் தந்தார். தண்ணீர் விடாமல் குடிக்க வேண்டும், குளிரக் குளிரக் குடித்தால் நோவு குறையும் என்றார். சூட்டுக்குக் குளிர்ச்சி என்ற கணக்கில் அல்ல, வாய் விறைத்துப்போகும் என்பதற்காக. அடுத்த முறை வந்தால் இவ்வளவு கடுமையாக இராது என்றும் சொன்னார். அடுத்த முறை என்று ஒன்று உண்டு என்பது அந்த நோவுக்குள்ளும் எனக்கு விளங்கியது. அம்மா கொட்டாஞ்சேனையிலிருந்து ஓடி வந்து, “எங்கட வீட்டில இல்லாத வருத்தம் உனக்கு எங்கயிருந்து வந்தது?” என்று கேட்டார். இவர் யன்னலுக்கு வெளியே பார்த்தார். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன்.

என்னைப் பார்த்தவள் அவள்தான். இவர் பயந்துபோய் அறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தார், ஒன்றுக்கும் உதவவில்லை. அவள் கஞ்சியைக் காய்ச்சி, வடித்து, ஆறவைத்து, ஸ்ட்ரோ போட்டுக் குடிக்கத் தந்தாள். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி உதட்டில் வைத்தாள். கிரீமை விரலால் தொடாமல், பஞ்சைத் தீக்குச்சியில் சுற்றி, ஒற்றி ஒற்றிப் பூசினாள். எவ்வளவு பதமாகப் பூசினாள் என்றால், அதற்கும் எனக்குப் பொறாமை வந்தது. நான் என்றால் அவளுக்கு அப்படிச் செய்திருக்க மாட்டேன்.

விசா வந்துவிட்டது. அவள் போக இன்னும் சில நாட்கள்தான் இருந்தன. ஒரு மத்தியானம் இவர் பார்மசிக்குப் போயிருந்தார். அவள் கட்டில் ஓரத்தில் இருந்து கிரீம் பூசிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்க்காமல், உதட்டை மட்டும் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“அக்கா, நீங்கள் இதை வேணுமெண்டுதானே வாங்கினனீங்கள்.”

வாயைத் திறக்க முடியாது என்பது அந்த நேரம் நல்லதாகப் போய்விட்டது.

“வாளி நிரம்பட்டும் எண்டு பைப்பைத் திறந்துவிட்டிட்டு நான் குசினிக்கதான் நிண்டனான். கண்டனான்.”

பஞ்சை மாற்றினாள். மற்ற ஓரத்தில் ஒற்றினாள்.

“எனக்கு இதை ஆர் தந்ததெண்டு எனக்குத் தெரியாது. அம்மாவோ, மாமியோ, சின்னனில கொஞ்சின ஆரோ. அந்தச் செம்போ. உங்களுக்கெண்டா ஆர் தந்ததெண்டு தெரியும். பிடிச்சு வைச்சு வாங்கினனீங்கள்.” பஞ்சைத் தூக்கிப் போட்டாள். “அங்க போய் அந்த மனிசனுக்கு நான் முதல்ல இதைத்தான் சொல்லவேணும். எனக்கு இப்பிடி ஒண்டு வாறது, வரேக்க கிட்ட வராதேங்கோ எண்டு. அவர் அருவருப்பாரோ என்னவோ. போனில குரலைக் கேட்டிருக்கிறன், அவ்வளவுதான். மச்சானெண்டா…”

அதோடு நிறுத்திவிட்டாள். கிரீம் மூடியைத் திருகி மூடினாள். எழும்பிப் போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். தேவைக்கு மேலேயே நேரம் எடுத்தது.

அவள் விட்ட வசனத்தை நான் படுத்துக்கொண்டே முடித்துப் பார்த்தேன். அது எனக்குப் பாடமான வசனம். அத்தனை நாளும் நான் அவளைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தபோது, குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று அவள் என்னைப் பார்த்து எரிந்திருக்கிறாள். ஐயோ பாவம் என்று நினைத்திருக்கலாம். எனக்கு வந்தது சந்தோஷம். வாய் முழுக்கப் புண்ணோடு, எச்சில் விழுங்க முடியாமல், அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்குமுன் இருந்ததில்லை.

அவள் முகத்தையும் கழுவிக்கொண்டு வந்தாள். என் தலையைத் தூக்கி, தலையணையைப் புரட்டிக் குளிர்ந்த பக்கத்தை மேலே போட்டாள்.

“இன்னும் நோகுதே அக்கா?” என்று கேட்டாள்.

இல்லை என்று தலையை ஆட்டினேன்.